ஓசிடிக்கு இஇஜி எடுக்கலாமா? எங்கள் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் ஒரு லேபில் இஇஜி, அதாவது தலையில் ஒயர் மாட்டி மூளையின் மின் அலையைப் பதிவு செய்கிற பரிசோதனை, எடுப்பது என் வேலை. 14 வருடம் ஆகிறது. வலிப்புக்காக வருகிறவர்கள்தான் அதிகம். இப்போது சில வருடமாக, "கை கழுவிக்கிட்டே இருக்கா", "பூட்டுன பூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறான்" என்று சொல்லிக்கொண்டும் ஆட்கள் வருகிறார்கள். வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற இந்த மனநோய்க்குத்தான் ஓசிடி என்று பெயர். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி, சாயல்குடி என்று கரை நெடுகவும் இருந்து வருகிறார்கள். ஒயர் மாட்டுகிற நேரத்தில் அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. என் சொந்த அக்காவுக்கே ஓசிடி இருந்ததால், இதைத் தேடித் தேடிப் படித்தவன்.

இஇஜி எடுத்தால் ஓசிடி இருக்கா இல்லையா என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதற்காகவே கடன் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓசிடி இருக்கிறதா என்று மனநல டாக்டர் பேசித்தான் கண்டுபிடிக்கிறார். என்ன எண்ணம் வருகிறது, அது வந்ததும் என்ன செய்யத் தோன்றுகிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அதிலேயே போகிறது, செய்யாமல் இருந்தால் என்ன ஆகிறது என்றெல்லாம் கேட்பார். நோய் எவ்வளவு கடுமை என்று அளக்க யேல்-பிரவுன் அளவுகோல் என்று ஒன்று 1989-ல் வந்தது. பத்துக் கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். உலகம் முழுக்க டாக்டர்கள் இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு பேனாவும் ஒரு தாளும் போதும்.

ஓசிடி என்றால் அதிகமாகச் சுத்தம் பார்ப்பதுதானே?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம். வாலிநோக்கம் பக்கம் கடலோர ஊர். போர் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் வண்டியில் வரும், குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். அந்த வீட்டில் அக்கா சாளை மீன் அரிந்த கையைக் கழுவ உட்கார்ந்தால் ஒரு குடம் காலி. ஏழு தடவை எண்ணிக் கழுவுவாள். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் எண்ணிக்கை போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உப்புத் தண்ணீர் பட்டால் எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொள்வாள். அப்போதும் கழுவுவதை நிறுத்த மாட்டாள். அம்மா நல்ல தண்ணீர்க் குடத்தைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். "திமிரு புடிச்சவ" என்று அப்பா கத்துவார்.

அக்காவுக்குச் சுத்தத்தின் மேல் ஆசை இல்லை. அவளுடைய அறையே குப்பையாகத்தான் கிடக்கும். கையில் ஏதோ ஒட்டியிருக்கிறது, அதோடு சோறு பிசைந்து போட்டால் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற ஒரு எண்ணம். அந்தத் தம்பி நான்தான். அது பொய் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் விடாது. வேண்டாமலே வருகிற எண்ணம், அதை அடக்க ஒரு செயல், கொஞ்ச நேர நிம்மதி, திரும்ப அதே எண்ணம். இந்தச் சுழல்தான் ஓசிடி. சிலருக்குக் கழுவுவது, சிலருக்குச் சரிபார்ப்பது, சிலருக்கு எண்ணுவது. வெளியே ஒன்றுமே தெரியாமல் மனசுக்குள்ளேயே ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. நாட்டில் 2015–16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறக்குறைய 100 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இது இருப்பது தெரிந்தது.

அப்படியென்றால் டாக்டர் ஏன் இஇஜி எழுதிக் கொடுத்தார்?

வேறு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. நடுநடுவே வெறித்துப் பார்த்துக்கொண்டு ஆள் இல்லாதது மாதிரி ஆகிவிடுகிறார், தலையில் முன்பு அடிபட்டிருக்கிறது, சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று இந்தப் பழக்கம் வந்தது என்றால் டாக்டர் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்பார். சில வகை வலிப்பிலும் ஒரே எண்ணம் வலுக்கட்டாயமாகத் தலைக்குள் வந்து நிற்கும். இன்னொரு காரணம் மருந்து. ஓசிடிக்குத் தருகிற குளோமிப்ரமின் அளவு கூடும்போது, வலிப்பு வரும் தன்மை உள்ளவர்களுக்கு அதைத் தூண்டிவிடக்கூடும். இப்படிக் காரணத்தோடு எழுதியிருந்தால் தயங்காமல் எடுங்கள். ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வந்தால், வலிப்புக்கான அறிகுறி அந்தப் பதிவில் இல்லை என்று மட்டுமே அர்த்தம். "எல்லாம் நார்மலாம், இவ நடிக்கிறா" என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தலைக்குக் கரண்ட் வைப்பீர்களா?

மாட்டோம். எங்கள் மெஷினிலிருந்து உங்கள் தலைக்குள் எதுவும் போகாது. உங்கள் மூளையில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற மின்சாரத்தை வெளியில் இருந்து எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். அது எவ்வளவு சின்னது தெரியுமா? தலைத்தோலில் 50 மைக்ரோவோல்ட் வந்தால் நல்ல அலை என்போம். ஒரு டார்ச் செல்லின் ஒன்றரை வோல்ட்டை முப்பதாயிரமாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. நீங்கள் கண் சிமிட்டினாலே அதைவிடப் பெரிய அலை எழும்பி, தாள் முழுக்க அடித்துக்கொண்டு போகும். அதனால்தான் "அசையாதீங்க, பல்லைக் கடிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

இதை மனிதரிடம் முதன்முதலில் 1924-ல் பதிவு செய்தவர் ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். சரிபார்த்துச் சரிபார்த்து, 1929-ல்தான் வெளியிட்டார். கண்ணை மூடினால் வருகிற, நொடிக்கு 8 முதல் 13 தடவை அடிக்கிற ஆல்ஃபா அலைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

எப்படி எடுப்பீர்கள்? என்ன தயாரிப்பு வேண்டும்?

முதல் நாள் ஷாம்பு போட்டுத் தலை குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். நம் பக்கத்தில் இதைக் கேட்க வைப்பதுதான் பெரும்பாடு. தேங்காய் எண்ணெய் இருந்தால் மின்முனை (ஒயர் நுனியில் இருக்கிற சின்னக் கிண்ணம்) தோலில் ஒட்டாது, அலை எல்லாம் இரைச்சலாகிவிடும். பூவும் வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிட்டுவிட்டு வரலாம்.

வந்ததும் மூக்குத்தண்டு நெற்றியில் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப் பிடித்து அளப்பேன். அந்த நீளத்தில் 10 சதவீதம், 20 சதவீதம் என்று பிரித்துப் புள்ளி வைப்பதால் இதற்குப் பத்து-இருபது முறை என்று பெயர். தலையில் 19, இரண்டு காதிலும் ஒவ்வொன்று, ஆக 21 மின்முனைகள். புள்ளி வைத்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, வெள்ளைப் பசை தடவி ஒட்டுவேன். கண்ணைத் திற, மூடு, மூன்று நிமிடம் இழுத்து இழுத்து மூச்சு விடு, மின்னுகிற விளக்கைப் பார். அரை மணியில் முடிந்துவிடும்.

ஓசிடி இருக்கிறவர்களுக்கு அந்தப் பசைதான் சோதனை. போன மழைக்காலத்தில் ஒரு தம்பி வந்தார், விசைப்படகில் போகிறவர். படுக்கையில் உட்காரவே இல்லை. "அண்ணே, இந்தக் கிண்ணம் போன ஆளு தலையில இருந்ததா?" என்று கேட்டார். ஆமாம், கழுவித்தான் வைத்திருக்கிறேன் என்றேன். "எத்தனை தடவ?" என்றார். அக்கா ஞாபகம் வந்துவிட்டது. எத்தனை தடவை என்று நான் சொன்னால் அடுத்தது எந்த சோப்பு என்று வரும், அதற்கும் சொன்னால் இன்னொன்று வரும். அதனால், "ஒரு தடவ, எல்லாருக்கும் எப்படியோ அப்படி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஆனது. அவராகவே வந்து படுத்தார். அவசரப்படுத்துகிற லேபாக இருந்தால், "எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்" என்று தயங்காமல் கேளுங்கள்.

ஓசிடி உள்ளவர்களின் மூளை அலையில் ஆராய்ச்சியாளர்கள் எதைத்தான் கண்டார்கள்?

எனக்கு மனசுக்கு மிக நெருக்கமான கேள்வி இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு விளையாட்டு. திரையில் வரிசையாக ஐந்து மீன்கள் தோன்றும். நடு மீன் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். சில சமயம் மற்ற நான்கும் எதிர்ப்பக்கம் பார்க்கும். வேகமாக அமுக்கும்போது தப்பாகிவிடும். (பெரியவர்களுக்கு அம்புக்குறியோ எழுத்தோ வைப்பார்கள், குழந்தைகளுக்கு மீன்.) தப்பாக அமுக்கிய பிறகு, 50 முதல் 100 மில்லி நொடிக்குள், அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், உச்சந்தலைக்குச் சற்று முன்னால் உள்ள மின்முனையில் பதிவாகிற அலையில் ஒரு பள்ளம் விழுகிறது. "ஐயோ தப்பு" என்று நாம் வாய்விட்டுச் சொல்லும் முன்பே மூளை அடித்துவிடுகிற மணி அது. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டார்கள். மூளையின் நடுச்சுவரை ஒட்டிய முன் சிங்குலேட் என்ற பகுதியிலிருந்து இது கிளம்புவதாகக் கருதுகிறார்கள்.

2000-ல் அமெரிக்காவில் கெரிங் என்பவரின் குழு ஓசிடி உள்ளவர்களிடம் இதை அளந்தது. மற்றவர்களுக்கு விழுந்ததைவிட இவர்களுக்குப் பள்ளம் ஆழமாக விழுந்தது. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளிலும், பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும், இதுவே திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. தப்பு என்று அடிக்கிற மணி இவர்களுக்கு உரக்க அடிக்கிறது.

இதைப் படித்த அன்று இரவு நான் தூங்கவில்லை. அக்கா எத்தனை தடவை அப்பாவிடம் சொல்லியிருப்பாள், "கழுவியாச்சுன்னு தெரியுதுப்பா, ஆனா ஏதோ சரியில்லன்னு உள்ள அடிச்சுக்கிட்டே இருக்கு" என்று. அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒன்றும் செய்யாமல் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது எடுக்கிற சாதாரணப் பதிவிலும் தேடியிருக்கிறார்கள். முன்மூளையில் மெதுவான தீட்டா அலை கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆல்ஃபாவில் மாற்றம் என்று சில. 1993-ல் வந்த ஒரு ஆய்வு, தீட்டா கூடியவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து கேட்கவில்லை, ஆல்ஃபா கூடியவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்டது என்றது. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் சிறிய எண்ணிக்கையில் செய்தது, பின்னால் வந்தவை ஒன்றுபோல் அமையவில்லை.

அந்த மணியை அளந்து எனக்கு ஓசிடி என்று சொல்லிவிடலாமே?

முடியாது, மூன்று காரணம். ஓயாத பதற்றம் உள்ளவர்களுக்கும் இந்த மணி உரக்கவே அடிக்கிறது, ஓசிடிக்கு மட்டும் உரியதில்லை. அடுத்து, ஓசிடி உள்ள 50 பேரின் சராசரி கூடுதல் என்பதால், உங்கள் ஒருவரின் அலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நிறையப் பேருடைய அளவு மற்றவர்களோடு கலந்தேதான் இருக்கும்.

மூன்றாவது, இதை எடுக்கிற விதம். கச்சான் காற்று அடிக்கிற நாளில் தென்கடலில் ஒரு கல்லைப் போட்டால் அந்த வளையம் தெரியுமா? ஒரு தப்புக்கு எழும் பள்ளம் அப்படித்தான், மற்ற அலைகளுக்குள் மூழ்கிவிடும். நூற்றுக்கணக்கான முறை விளையாட வைத்து, தப்பான இடங்களை மட்டும் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் தெரியும். மருத்துவமனையில் எடுக்கிற வழக்கமான இஇஜியில் இதை யாரும் செய்வதில்லை.

"பிரெயின் மேப்பிங்" என்று கலர் கலராகப் படம் தருகிறார்களே?

என் அக்காவுக்கும் தந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன், வெளியூரில் ஒரு இடம். நெற்றிப்பக்கம் சிவப்பாக ஒரு தலைப்படம். "இந்தச் சிவப்புதான் நோய். நாற்பது சிட்டிங் வந்தால் பச்சையாகிவிடும்" என்றார்கள். அம்மா காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு தடவை போனார்கள். அந்தப் பணத்துக்கும் நாளுக்கும் முறையான சிகிச்சை கிடைத்திருக்கும். இந்த வேலைக்கு வந்த பிறகு அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நெற்றியை இறுக்கி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு படுத்திருந்தால் முன்பக்கம் சிவப்பாகத்தான் வரும். அக்கா அன்று பயத்தில் இறுகிப்போய்த்தான் படுத்திருந்தாள்.

கலர் படம் என்பது கணக்குப் போட்டு வண்ணம் பூசிய இஇஜி. ஆராய்ச்சிக்கு அது நல்ல கருவி. அதைக் காட்டி உங்களுக்கு இந்த மனநோய் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

நான் நினைப்பது மெஷினில் தெரியுமா?

தெரியாது. இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள். பெற்ற பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ, சாமி முன்னால் அசிங்கமான வார்த்தை வந்துவிடுமோ என்று நடுங்குகிறவர்கள். அதுவும் ஓசிடிதான். அந்த எண்ணம் உங்கள் ஆசை இல்லை. அதைக் கண்டு இவ்வளவு பதறுவதே அதற்குச் சாட்சி. மெஷினுக்குத் தெரியாது, ஆனால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் இதைப் பலரிடம் கேட்டிருப்பார்.

ஏர்வாடிக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். போகலாமா?

போங்கள். தர்காவில் துவா கேட்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை, மனசுக்கு ஆறுதல். அங்கேயே அரசு மனநல மருத்துவர்கள் பார்த்து மருந்து தருகிற தவா-துவா (மருந்தும் பிரார்த்தனையும்) ஏற்பாடும் வந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். ஆனால் ஆளை எங்கேயும் கட்டிப்போட விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் வெந்து செத்தார்கள். இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அந்தக் காலை மறக்காது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

கீழக்கரைப் பக்கத்து உம்மாமார்கள் "உளூ செஞ்சது சேர்ந்துச்சா சேரலையான்னு சந்தேகம், வஸ்வாஸ்" என்பார்கள். உளூ என்பது தொழுகைக்கு முன்னால் கை கால் முகம் கழுவுவது, வஸ்வாஸ் என்பது விடாமல் வருகிற சந்தேகம். ராமேஸ்வரத்துக்காரர்களில் சிலர் 22 தீர்த்தத்தில் ஒன்று விட்டுப்போச்சோ என்று திரும்ப முதலிலிருந்து போவார்கள். வழிபாட்டுக்கு ஒரு எல்லை உண்டு, நோய்க்குத்தான் எல்லை இல்லை. உங்கள் ஆலிமையோ குருக்களையோ பாதிரியாரையோ கேட்டால் "ஒரு தடவை போதும்" என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு தடவையோடு நிறுத்த முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

சரி, எதைச் செய்தால் குணமாகும்?

இரண்டு வழி, பலருக்கு இரண்டும் சேர்த்து. மருந்து என்றால் ஃப்ளூவாக்ஸமின், ஃப்ளூயாக்ஸெடின், செர்ட்ராலின் போன்றவை. பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிட்டு வருகிறவர்கள்தான் எத்தனை பேர்!

மற்றது பயிற்சி. பயப்படுவதைத் தொட வைத்து, தொட்ட பிறகு கழுவாமல் இருக்கப் பழக்குவது. 1966-ல் இங்கிலாந்தில் விக்டர் மேயர் என்பவர் செய்து காட்டினார், இன்றுவரை இதற்கு இணையாகப் பேச்சுச் சிகிச்சை எதுவும் வரவில்லை என்பது என் எண்ணம். அக்கா மதுரையில் போய் இதைப் பழகினாள். முதல் வாரம் சாளை அரிவதை விட்டுவிட்டு மீன் கூடையின் விளிம்பை மட்டும் தொட வேண்டும். தொட்டுவிட்டுப் பத்து நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், கண்ணில் தண்ணீர் வழியும். நாங்கள் யாரும் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஏழாவது எட்டாவது வாரம் மீனை அரிந்தாள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எதற்கும் கேட்காத கடுமையான நோய்க்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் என்கிற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது.

குணமான பிறகு மூளை அலை மாறிவிடுமா?

எதிர்பார்ப்பது மாதிரி இல்லை. சிகிச்சையில் நன்றாகத் தேறியவர்களிடம் திரும்ப அளந்தபோதும் அந்தத் தப்பு மணி முன்பு போலவே உரக்க அடித்தது. நோய் இல்லாத கூடப்பிறந்தவர்களிடமும் அது பலமாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் என் தலையிலும் இருக்கலாம். புள்ளி வைத்த இடத்தைத் திரும்ப ஒரு தடவை அளந்து பார்க்காமல் நான் பசை தடவுவதில்லை, அது அதனால்தானோ என்று நினைத்துக்கொள்வேன். மணி அடித்தாலும் எழுந்து ஓட வேண்டியதில்லை என்பதைத்தான் அக்கா அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில் பழகியிருக்கிறாள்.

போன தடவை நார்மல் என்று வந்தது. ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது. இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமா?

ஒரே வருடத்தில் மூன்று தடவை வந்த ஒரு அக்கா இருக்கிறார். முதல் தடவை டாக்டர் எழுதிக் கொடுத்தது. இரண்டாவது அவராகவே வந்தார், மின்முனை சரியாக ஒட்டியிருந்ததா என்று சந்தேகம். மூன்றாவது தடவை வந்தபோது, பூட்டை இழுத்துப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதானே அக்கா என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பையை எடுத்துக்கொண்டு, "நாளைக்கும் தோணும்ல தம்பி" என்றார். தோணும் என்றேன். தோணினால் வராமல் இருந்து பாருங்கள், புதன்கிழமை டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள் என்றேன். சரி என்று தொண்டி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.